மருந்தைப் பூட்டி வைப்பதா?

விலை கொடுத்து ஒரு வீட்டை வாங்குகிறோம். பத்திரம் நம் பெயரில். வரி கட்டுவது நாம். கதவுக்குச் சாயம் பூசுவதா, சுவரை இடித்துக் கட்டுவதா என்பதெல்லாம் நம் விருப்பம். ஆனால், தெருவைப் பார்த்த அறை ஒன்று மட்டும் பூட்டியே கிடக்கிறது. சாவி, விற்றவன் மடியில். "அந்த அறைக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "அது உமக்குத் தேவையற்றது" என்கிறான். "கூரை ஒழுகுகிறதே!" என்றால், "மாற்று ஓடு நானே தருவேன், எப்போது என்று கேளாதீர்" என்கிறான். தந்த ஓட்டில் மிச்சம் இருக்கிறது, பக்கத்து வீட்டிலும் அதே ஒழுக்கு, அவருக்குக் கொடுத்து உதவலாமா என்றால், "கொடுத்தால் வழக்கு!" என்று உறுமுகிறான். இப்படி ஒரு வீட்டை எவனாவது வாங்குவானா என்று சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டா. வாங்கியிருக்கிறோம். சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள், அங்கே இருக்கிறது.

கைப்பேசியைத்தான் சொல்கிறேன். அதற்குள் இருப்பது ஒரே கணிப்பொறி என்று எண்ணுவோர் பலர். ஒன்றன்று, பல. திரையை இயக்குவது ஒன்று. கோபுரத்தோடு பேசுவது மற்றொன்று. மோடம் என்பது அதன் பெயர். அதற்கெனத் தனிச் செயலி உண்டு, தனி நினைவகம் உண்டு, தனி ஆணைத்தொகுதியும் உண்டு. சில்லுக்குள் உறைந்து நின்று அதனை ஆட்டி வைக்கும் அந்த ஆணைத்தொகுதியைத்தான் ஃபர்ம்வேர் என்கின்றனர். வைஃபை சில்லுக்கும் ஃபர்ம்வேர் உண்டு, தொடுதிரைக்கும் உண்டு. முகப்பில் ஓடும் மென்பொருள் எத்துணைத் திறந்ததாக இருப்பினும், இந்த உள்ளறைகள் பெரும்பாலும் மூடியவையே. மூலநிரல் வெளியார் எவர் கண்ணுக்கும் காட்டப்படுவதில்லை.

மூடியிருந்தால் நமக்கென்ன, பேச முடிந்தால் போதாதா என்று கேட்பவருக்கு 2023 மார்ச் 16ஆம் நாள் விடை சொல்லிற்று. கூகுள் நிறுவனத்தின் புராஜெக்ட் ஜீரோ என்னும் ஆய்வுக் குழு, சாம்சங்கின் எக்சினாஸ் மோடங்களில் 18 ஓட்டைகளைக் கண்டதாக அன்று அறிவித்தது. அவற்றுள் நான்கு மிகக் கொடியவை. கைப்பேசிக்கு உரியவர் அழைப்பை எடுக்க வேண்டா; எந்த இணைப்பையும் தொட வேண்டா; ஏதொன்றும் செய்ய வேண்டா. அவருடைய எண் ஒன்று தெரிந்தாலே போதும், தொலைவில் இருப்பவன் மோடத்துக்குள் நுழைந்து தன் ஆணையை ஓட்டலாம் என்றது அந்த அறிவிப்பு. நான்கின் விவரத்தையும் குழுவே வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. வெளியிட்டால் வல்லவன் எவனும் விரைவில் ஆயுதமாக்கிவிடுவான் என்று அஞ்சியது. சாம்சங்கின் கைப்பேசிகள் பல, கூகுளின் சொந்தப் பிக்சல் 6, பிக்சல் 7 ஆகியவை எல்லாம் அந்த வலைக்குள் இருந்தன. புதுப்பிப்பு வரும் வரை வைஃபை வழி அழைப்பையும் வோல்ட்டி என்னும் 4ஜி வழி அழைப்பையும் அணைத்து வையுங்கள் என்பதே மக்களுக்குக் கூறப்பட்ட தற்காப்பு.

இது முதன்முறையும் அன்று. 2017ஆம் ஆண்டிலேயே பிராட்காம் வைஃபை சில்லுகளில் இத்தகைய ஓட்டை வெளிப்பட்டது. ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் ஒரே சில்லுக் குடும்பத்தை நம்பியிருந்ததால் இரண்டும் ஒருங்கே தள்ளாடின. (2021இல் உலகை உலுக்கிய பெகாசஸ் இதுவே என்று சில தோழர்கள் மேடையில் பேசிவிடுகின்றனர். அது வேறு. பெகாசஸ் பெரும்பாலும் முகப்பு மென்பொருளின் ஓட்டைகள் வழியே நுழைந்தது. எதிரியை அடிக்கும்போதும் அவனுடைய சரியான முகவரிக்குத்தான் போக வேண்டும்.)

கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார் வருகிறார்கள், நிதி கொடுத்தவர் பெயர் என்ன என்று ஒரு காலத்தில் நெஞ்சுக்குள் மட்டும் வைத்திருந்தவை அனைத்தும் இன்று இந்தக் கருவிக்குள் இருக்கின்றன. ஆகவே, மோடத்தில் ஓட்டை என்பது பொறியாளர் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி அன்று.

இந்த நிலை பொறுக்காமல் எழுந்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கலிபோர்னியாவைச் சேர்ந்த பியூரிசம் நிறுவனம் 2017இல் மக்களிடம் முன்பணம் திரட்டி லிப்ரெம் 5 என்னும் கைப்பேசியை உருவாக்கப் புறப்பட்டது. 15 இலட்சம் டாலர் கேட்டது. 20 இலட்சத்துக்கு மேல் குவிந்தது. பொருளைக் கண்ணால் காணாமலே, 599 டாலர் வீதம் முன்கூட்டி எண்ணிக் கொடுத்தனர். 2019 சனவரியில் தருவதாகச் சொன்னது, சிறு சிறு தொகுதிகளாக 2019 இறுதியில்தான் வெளிவரத் தொடங்கிற்று. பெருந்தொகை உற்பத்தி 2020 நவம்பரில். காலந்தாழ்ந்ததைக் குறை கூறலாம். ஆனால் செய்ததைப் பாருங்கள். பக்கவாட்டில் மூன்று பொத்தான்கள். ஒன்றைத் தள்ளினால் மோடத்துக்கு மின்சாரமே இல்லை. மற்றொன்று வைஃபையையும் புளூடூத்தையும் அறுக்கும். மூன்றாவது கேமராவையும் மைக்கையும் குருடும் செவிடும் ஆக்கும். மோடத்தை முதன்மைச் செயலியோடு ஒட்டாமல் தனி அட்டையாக்கி, யுஎஸ்பி வழி மட்டும் பேச வைத்தனர். பூட்டிய அறையைத் திறக்க முடியாவிட்டாலும், அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முற்றம் விட்டுக் கட்டினர். பைன்64 குழுவினரின் பைன்ஃபோன் அதைவிட எளியது: தொடக்க விலை 149 டாலர், பின்மூடியைக் கழற்றினால் ஆறு சிறு பொத்தான்கள். இவற்றில் ஓடுவது லினக்சு, மூலநிரல் ஊரறிந்தது.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை, தோழர்களே! மோடம் செய்வோர் அவர்கள் அல்லர். உலகில் மோடச் சில்லு வடிப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில்லு முதலாளி அதை மோட அட்டை செய்பவருக்கு விற்கிறார்; அட்டைக்காரர் கைப்பேசி நிறுவனத்துக்கு விற்கிறார்; நிறுவனம் நமக்கு விற்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் பொருளோடு ஓர் உறுதிமொழிப் பத்திரமும் கைமாறுகிறது: இரகசியம் காப்பேன், கோப்பை வெளியிடேன், உள்ளே பாரேன். கடைசியில் நிற்கும் நாம் அந்தப் பத்திரத்தில் கையொப்பம் இட்டவர் அல்லர். ஆனால் அதன் பாரம் முழுவதும் இறங்குவது நம் தலையில். ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு, முதலாளியிடமிருந்து அட்டைக்காரருக்கும் அங்கிருந்து கைப்பேசி நிறுவனத்துக்கும் வந்து சேர்கிறது. வந்த பிறகு அதைப் பொதுவில் வைக்கலாமா கூடாதா என்பதைப் பத்திரத்தின் ஒரு வரி முடிவு செய்கிறது. கூடாது என்று எழுதியிருந்தால், வாங்கியவர் ஒவ்வொருவராய் விண்ணப்பித்து, வாங்கினேன் என்று மெய்ப்பித்து, அனுப்பினால் பெற்றுக்கொண்டு வாய்மூடி இருக்க வேண்டும். பெற்றவர், பெறாத ஒருவருக்கு அனுப்பினால்? சட்டப்படி அது குற்றம்!

இங்கேதான் வழக்கு எழுகிறது. நான் வழக்கைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அனுப்பியவரை நான் திருடன் என்று அழைக்க மாட்டேன். திருட்டு என்றால் ஒருவன் இழந்திருக்க வேண்டும். இங்கே இழந்தவன் யார்? இந்தக் கோப்பு அந்தச் சில்லில் அன்றி வேறெங்கும் ஓடாது. சில்லோ விலை கொடுத்து வாங்கப்பட்டுவிட்டது. புதுப்பிப்பைத் தனியே விலைக்கு விற்கும் வணிகமும் இல்லை. பாட்டையோ படத்தையோ படியெடுத்தால் விற்பனை குறைகிறது என்றாவது வாதிடலாம். பழுதான சில்லின் பழுதை நீக்கும் கோப்பைப் படியெடுத்தால், குறைவது பழுதுதானே தவிர விற்பனை அன்று.

"அப்படியானால் இரகசியம் எதற்கு? காரணம் இல்லாமலா செய்வார்கள்?" என்று கேட்பீர்கள். காரணம் உண்டு, நேர்மையாக அதையும் வைக்கிறேன். வானொலி அலையைத் தொடும் கருவிக்கு அரசின் சான்று வேண்டும். தொலைபேசி நிறுவனங்களும் தத்தம் வலையில் சோதித்துத்தான் ஒரு மோடத்தின் குறிப்பிட்ட பதிப்பை ஏற்கின்றன. ஒரு நாட்டுக்கு உரிய பதிப்பை மற்றொரு நாட்டு மோடத்தில் ஏற்றினால், அது ஊமையாகிவிடக் கூடும். மெய்தான். ஆனால், மருந்தை எந்த நோய்க்கு, எந்த அளவில் என்று புட்டியின்மேல் எழுதி ஒட்டுவது எதற்கு? தவறாக உண்பான் ஒருவன் என்பதற்காக மருந்துக் கடைகளை மூடிவிடுகிறோமா? எந்தப் பதிப்பு எந்த அட்டைக்கு என்று எழுதி வைத்து, பொருந்தாததை ஏற்க மறுக்கும் காவலையும் மோடத்திலேயே வைத்தால் தீர்ந்தது.

இவ்விடத்தில் அமெரிக்கத் தோழர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றாய்த் தம் 3ஜி வலையை அணைத்தன. ஏடி அண்ட் டி பிப்ரவரியில், வெரைசான் ஆண்டிறுதியில். பழைய வலை போன பிறகு குரல் அழைப்பு வேண்டுமாயின் வோல்ட்டி வேண்டும். வோல்ட்டியோ, மோடத்தின் ஃபர்ம்வேர் ஒத்துழைத்தால்தான். அதாவது, புதுப்பிப்பு என்பது பாதுகாப்புக்கு மட்டும் அன்று. அது கிடைக்காதவன் கையில் இருப்பது பேசாத பேசி. அந்த நேரத்தில் கோப்பு உள்ளவன், கோப்பு இல்லாதவனுக்குக் கொடுப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம், யாருடைய வசதிக்காக எழுதப்பட்டது?

இதுவரை எதிரிகளைப் பேசினேன். இனி நம்மவரைப் பேசுகிறேன், சிலருக்குக் கசக்கும்.

கட்டற்ற மென்பொருளுக்கு வித்திட்டவர் ரிச்சர்டு சுடால்மன். 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி தாள் சிக்கி நின்றது. திருத்தி அமைக்க மூலநிரலைத் தேடினார், வைத்திருந்தவர் இரகசிய ஒப்பந்தத்தில் கையொப்பம் இட்டவர், தர மறுத்தார். அந்த மறுப்பில் மூண்ட தீதான் 1983இல் குனு திட்டமாகவும், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையாகவும் எழுந்தது. பெருமைக்குரிய வரலாறு. ஆனால் அந்த அறக்கட்டளை, பயனர் சுதந்தரத்தை மதிக்கும் கருவி எது என்று சான்றளிக்க வகுத்த விதியைப் பாருங்கள். முதன்மைச் செயலியில் ஓடுவதெல்லாம் கட்டற்றதாக இருக்க வேண்டும், சரி. துணைச் சில்லுகளுக்குள் தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டு, பின்னர் மாற்றும் நோக்கம் இல்லாத ஆணைத்தொகுதியை மட்டும் மின்சுற்றாகக் கருதி விட்டுவிடலாம் என்கிறது விதி. விளைவு என்ன? மூடிய ஆணைத்தொகுதி மாறாமல் கிடந்தால் சான்றுக்குத் தடையில்லை. அதன் ஓட்டையை அடைக்க முதலாளியின் கோப்பு வந்தால் தடை! நோயோடு இருப்பவன் தூயவன். மருந்து குடித்தவன் தீட்டுப்பட்டவன்.

லிப்ரெம் 5இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அதன் நினைவகத்தைத் தொடக்கத்தில் பழக்குவதற்கு ஒரு மூடிய ஆணைத்தொகுதி தேவைப்பட்டது. அதைத் திறக்க வழியில்லை. இல்லாமல் கைப்பேசி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எனவே அதைத் தனிச் சில்லு ஒன்றில் வைத்து, முதன்மைச் செயலி தொடாமல், துணைச் செயலி ஒன்று எடுத்துக் கொடுக்கும்படி அமைத்தனர். விதி நிறைவேறிற்று. கோப்பு அதே கோப்பு. இருந்த இடம்தான் வேறு. பொறியாளரின் திறமையை மெச்சுகிறேன். ஆனால், விருந்தினர் வருகிறார் என்று அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டைப் பெருக்கியாயிற்று என்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அறக்கட்டளையினர் தீய நோக்கம் உடையவர் என்று நான் சொல்லவில்லை. கோட்டை எங்கேயாவது போட வேண்டும் என்று போட்டனர். போட்ட கோடு, காக்க வேண்டியவனை வெளியே நிறுத்திவிட்டது.

டெபியன் தோழர்கள் அதே இடத்தில் நின்று திரும்பி நடந்தனர். மூடிய ஃபர்ம்வேரைத் தம் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். புதியவன் ஒருவன் ஆர்வத்தோடு வட்டைப் போடுவான், வைஃபை எழாது, இணையம் இல்லாமல் ஃபர்ம்வேரைத் தேட முடியாது, ஃபர்ம்வேர் இல்லாமல் இணையம் இல்லை! இதற்காக அதிகாரபூர்வமற்ற வட்டு ஒன்றையும் மூலையில் வைத்திருந்தனர். தெரிந்தவன் எடுத்துக்கொள்வான், தெரியாதவன் திண்டாடுவான். 2022இல் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தினர். கொள்கை ஆவணத்தையே திருத்தி, ஃபர்ம்வேரையும் சேர்த்த ஒரே வட்டு என முடிவு செய்தனர். 2023 சூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கட்டற்ற மென்பொருள் உலகம் இடிந்து விழவில்லை. மூடியதை மூடியது என்று பெயரிட்டுத் தனிப் பிரிவில் வைத்தார்கள். ஏற்றுவதை மறுக்கும் உரிமையையும் பயனருக்கு விட்டுவைத்தார்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். டெபியன் அதைத் தன் வட்டில் வைக்க முடிந்தது எதனால்? வட்டில் போன கோப்புகள் எல்லாம், வைத்துப் பகிரலாம் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்தவை. லினக்சு உலகத்தாருக்கென ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. ஒவ்வொரு ஃபர்ம்வேர்க் கோப்பும் எந்த உரிமத்தின்கீழ் வந்தது என்று அதில் பட்டியல் இட்டிருக்கும். 2015இல் ரெட் ஹேட்டின் ரிச்சர்டு ஹியூசு தொடங்கிய எல்விஎஃப்எசு என்னும் மற்றொரு களஞ்சியத்தில் உற்பத்தியாளரே நேரில் வந்து கோப்பை வைக்கின்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் வைத்திருக்கின்றனர். மூலநிரலைத் தந்துவிட்டார்களா? இல்லை. முதலாளித்துவம் கவிழ்ந்துவிட்டதா? இல்லை. பகிரலாம் என்ற ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்காகப் போராடியவர்கள் உண்டு. ஓபன்பிஎசுடி தலைவர் தியோ டி ராட், 2004 வாக்கில் கம்பியில்லாச் சில்லு நிறுவனங்களின் கதவைத் தட்டினார். கேட்டது மூலநிரலைக்கூட அன்று. ஃபர்ம்வேரை எங்கள் பயனருக்கு நாங்களே வழங்க அனுமதி தாருங்கள் என்பதுதான். மறுத்த நிறுவனங்களுக்குப் பயனர்களே எழுதும்படி அறைகூவினார். கடிதங்கள் குவிந்தன, சில நிறுவனங்கள் இணங்கின, சில செவிசாய்க்கவில்லை. அவர் குணம் கடுமையானது என்பார்கள், இருக்கட்டும். இணங்கியவரை இணங்க வைத்தது எண்ணிக்கைதான்.

இனி, கையிலிருந்து கைக்குப் போகும் கோப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கொடுத்தவர் திருடர் அல்லர் என்றேன். அவர் கொடுத்தது நல்ல கோப்புதான் என்று நான் சொல்லவில்லை. தனியுரிமையைக் காக்கும் கைப்பேசியை வாங்குபவன் யார்? கண்காணிக்கப்படுவோம் என்று அஞ்சுபவன். அவனுக்கு விரிக்கும் வலை, புதுப்பிப்பு என்ற பெயரில் வராமல் வேறு எந்தப் பெயரில் வரும்? மோடச் செயலி, செய்தவரின் எண்முறைக் கையொப்பம் இல்லாததை ஏற்க மறுக்குமாயின் பயம் குறைவு. ஆனால் எல்லா மோடங்களும், மோடத்தின் எல்லாப் பகுதிகளும் அவ்வாறு சரிபார்ப்பதில்லை. பைன்ஃபோனின் குவெக்டெல் மோடத்துக்குள்ளேயே ஒரு லினக்சு ஓடுகிறது என்று கண்டு, பயனர்களே அந்தப் பகுதிக்கு மாற்று ஆணைத்தொகுதி எழுதி ஏற்றினார்கள். அவர்கள் எழுதியது நல்லது; மூலநிரலோடு எழுதினார்கள். அதே வாயிலில் கெட்டவனும் நுழையலாம் அல்லவா? (வானலையோடு நேரே பேசும் உட்பகுதி மட்டும் அங்கும் மூடியதுதான்.) ஆகவே, முகம் தெரியாதவர் தரும் கோப்பை, உற்பத்தியாளர் வெளியிட்ட அடையாளத் தொகையோடு ஒப்பிடாமல் ஏற்றாதீர்கள். ஒப்பிட அத்தகைய தொகையே வெளியிடப்படவில்லை என்றால், அந்தக் குற்றம் மீண்டும் பத்திரக்காரர் தலையில்தான். இரகசியம் பாதுகாப்பைத் தருகிறது என்கிறார்கள்; கோப்பை மறைத்ததனால் நல்லதையும் நஞ்சையும் பிரித்தறியும் வழியையும் மறைத்துவிட்டார்கள்.

ஆதலின் சண்டை, கோப்பைப் பகிர்ந்த தனியாளோடும் அன்று. பகிர முடியாமல் கைகட்டி நிற்கும் சிறு கைப்பேசி நிறுவனத்தோடு மட்டும் அன்று. ஆனால் அந்தச் சிறு நிறுவனத்தையும் நான் முழுக்க விடுவிக்க மாட்டேன். சில்லு வாங்கும் நாளில், பணம் இன்னும் தன் கையில் இருக்கும்போது, "புதுப்பிப்புகளைப் பொதுவில் வழங்குவேன்" என்ற வரியைப் பத்திரத்தில் கேட்டிருக்கலாம். விடுதலையின் பெயரால் முன்பணம் வாங்கியவருக்கு அது முதற் கடமை. "நாங்கள் சிறியவர்கள், எங்கள் சொல் எடுபடாது" என்பார்கள். ஓரளவு உண்மை. ஃபேர்ஃபோனும் சிறியதுதான். 2015இல் விற்ற தன் இரண்டாம் கைப்பேசிக்கு, சில்லு செய்த குவால்காம் ஆதரவை நிறுத்திய பிறகும், 2023 மார்ச்சு வரை இழுத்துச் சென்றது. சில்லுக்காரர் கைவிட்ட உள்ளறைகளை அதனாலும் திறக்க முடியவில்லை. பாடம் கற்றது, 2023இல் ஐந்தாம் கைப்பேசிக்கு, நெடுங்கால ஆதரவு உறுதி உள்ள தொழிற்சாலைக் கருவிகளுக்கான சில்லைத் தேடிப் பிடித்து வைத்தது. சிறியவனும் வாங்கும்போது கேட்கலாம் என்பதற்கு இது சான்று.

சட்டம் சற்றே அசைந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல், கைப்பேசியின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு இயக்க மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாகப் பிணிக்கும். பாதுகாப்புப் புதுப்பிப்பைக் காலந்தாழ்த்தாமல் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. நல்லது, வரவேற்போம். ஆனால் இவை பேசுவது விற்றவன் தர வேண்டிய கடமையை. பெற்றவன் அடுத்தவனுக்குத் தரும் உரிமையை அன்று. விற்றவன் கடையை மூடிவிட்டால் கடமையை யாரிடம் கேட்பது? கோப்பு அப்போது யாரோ ஒருவர் கணிப்பொறியில் கிடக்கும். அவர் அதைக் கொடுத்தால் இன்றைய சட்டப்படி குற்றவாளி.

அடுத்த முறை இத்தகைய கைப்பேசி ஒன்றை உங்களிடம் ஒருவர் விற்க வந்தால், பொத்தான்களைக் காட்டுவார், திரையைக் காட்டுவார். பார்த்து முடித்த பிறகு, மோடத்தின் புதுப்பிப்பு எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். "எழுதிக் கேட்டால் அனுப்புவோம்" என்றால், பணத்தை எடுக்கும் முன் அந்தப் பத்திரத்தின் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.